மார்ச் மாதத்தில் மேப்பிள் மரம் ஏன் சொட்டுகிறது, எந்தக் கசிவுக்குக் கவலைப்பட வேண்டும்

கேட்டிருப்பது இது: ரொறன்ரோவில் ஒரு வீட்டுப் பின்வளவில் பெரிய மேப்பிள் மரம் நிற்கிறது. கூரையில் உரசிய கொப்பொன்றைப் பெப்ரவரி கடைசியில் வெட்டியிருக்கிறார்கள். மார்ச்சில் வெயில் வந்ததும் வெட்டிய இடத்திலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கி, இரண்டு வாரமாகியும் நிற்கவில்லை. மரம் பட்டுப்போகுமா, எதைப் பூசி அடைக்கலாம்?

பட்டுப்போகாது. எதையும் பூச வேண்டாம், இலை விரியும் காலத்தில் அதுவாகவே நின்றுவிடும். ஆனால் எல்லாக் கசிவையும் இப்படித் தள்ளிவிட முடியாது. சில கசிவுகள் நோயின் அடையாளம். அதைப் பிரித்தறிய வேண்டுமானால், இந்தத் தண்ணீர் எங்கிருந்து, எந்த விசையில் வருகிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

வெட்டு முகத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். தடித்த கொப்பானால் நடுப்பகுதி சற்றுக் கருத்துக் காய்ந்திருக்கும். பட்டைக்கு உள்ளே இருக்கும் வெளிறிய வளையங்கள்தான் ஈரத்தில் மினுங்கும். அதுதான் சைலம், வேரிலிருந்து நீரை மேலே கொண்டுபோகும் குழாய்கள் உள்ள பகுதி. நாளின் போக்கையும் கவனியுங்கள். காலையில் வெயில் பட்டுச் சற்று நேரம் கழித்துத்தான் சொட்டு தொடங்கும், பின்னேரம் தளரும், இரவு குளிர் பூச்சியத்துக்குக் கீழே இறங்கினால் நின்றுவிடும். நாள் முழுக்க பூச்சியத்துக்குக் கீழேயே இருந்தால் ஒரு துளியும் வராது. இரவும் பகலும் சூடாகவே சில நாட்கள் தொடர்ந்தாலும் வராது. உறைவதும் உருகுவதும் மாறி மாறி நடந்தால்தான் மேப்பிள் சொட்டும். இரவில் மைனஸ் 5, பகலில் பிளஸ் 5 என்று இருக்கும் நாட்களில் மிக நன்றாக ஓடும். தெற்கு ஒண்டாரியோவில் அந்தக் காலநிலை பெப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் முற்பகுதி வரை நீடிக்கும்.

இதற்குக் காரணம் மேப்பிள் மரத்தின் உள்ளமைப்பு. சைலக் குழாய்களைச் சுற்றி நார்க்கலங்கள் என்ற, மரத்துக்கு உறுதி தரும் உயிரற்ற கலங்கள் நெருக்கமாக இருக்கும். வேறு பல மரங்களில் இவற்றுக்குள் நீர் நிறைந்திருக்கும். மேப்பிளில் இருப்பது காற்று. இரவில் குளிர் இறங்கும்போது மெல்லிய கொப்புகள் முதலில் உறைகின்றன. நார்க்கலத்தின் உட்சுவரில் மெல்லிய பனிப்படலம் பிடிக்கிறது. அந்தப் பனி வளர வளர, பக்கத்துக் குழாயிலுள்ள நீரை உறிஞ்சி எடுத்துக்கொள்கிறது. நடுவில் இருந்த காற்று இடமில்லாமல் ஒடுங்குகிறது. குழாயில் நீர் குறைந்த இடத்தை நிரப்பக் கீழேயிருந்து நீர் ஏறுகிறது. தண்டிலிருந்து கொப்புக்கு, வேரிலிருந்து தண்டுக்கு, மண்ணிலிருந்து வேருக்கு என்று அந்த இழுவை கீழே வரை போகிறது. மரம் நீரை ஏற்றிக்கொள்வது உறையும் அந்த நேரத்தில்தான்.

பகலில் பனி உருகியதும் ஒடுங்கியிருந்த காற்று விரிந்து, நீரைத் திரும்பக் குழாய்க்குள் தள்ளுகிறது. மரத்தின் உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கூடுகிறது. நல்ல நாளில் இது கார் டயரின் காற்றழுத்தத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். இந்த நேரத்தில் பட்டையிலோ கொப்பிலோ ஒரு திறப்பு இருந்தால் சாறு வெளியே வருவதைத் தவிர வேறு வழியில்லை. திறப்பே இல்லாவிட்டால் அழுத்தம் சில மணி நேரம் நின்று மெல்லத் தணியும், யாருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டு மேப்பிள் சொட்டாமல் உங்களுடையது மட்டும் சொட்டுவதற்குக் காரணம் இவ்வளவுதான். இரண்டிலும் ஒரே அழுத்தம், உங்களுடையதில் ஒரு வெட்டு.

காற்று மட்டுமே இந்த வேலையைச் செய்துவிடாது, சர்க்கரைக்கும் பங்குண்டு. போன கோடையில் இலைகள் செய்த உணவு, மரத்தின் தண்டுக்குள் மாப்பொருளாகச் சேமிக்கப்பட்டிருக்கும். குளிரில் அது சுக்ரோஸாக மாறிக் குழாய் நீரில் கலக்கிறது. குழாய்க்கும் நார்க்கலத்துக்கும் இடையிலுள்ள சுவர் நீரை விடும், சுக்ரோஸை விடாது. அதனால் சவ்வூடு பரவலால், அதாவது சர்க்கரை கூடிய பக்கத்துக்கு நீர் நகர்வதால், நீர் குழாய்ப் பக்கம் இழுபட்டு, அழுத்தம் சீக்கிரம் கரைந்துபோகாமல் நிற்கிறது. வெட்டியெடுத்த மேப்பிள் தண்டுக்குள் வெறும் நீரைச் செலுத்தி உறையவைத்து உருக்கினால் கசிவு மிகக் குறைவு. சுக்ரோஸ் கரைசலைச் செலுத்தினால் நன்றாகக் கசிகிறது. வேரே இல்லாத தண்டும் சொட்டும் என்பது இங்கே முக்கியம். மேப்பிளில் தள்ளும் விசை தண்டிலேயே இருக்கிறது.

பேர்ச் மரத்தில் கதை வேறு. அதற்கு உறைபனி இரவு தேவையே இல்லை. மண் சூடேறியதும் வேர்கள் விழித்துக்கொண்டு உப்புகளையும் சர்க்கரையையும் தம் குழாய்களுக்குள் சேர்க்கின்றன. அந்தச் செறிவைத் தேடி மண்ணின் நீர் வேருக்குள் பாய்ந்து, மேலே தள்ளுகிறது. இது வேர் அழுத்தம். அதனால் மேப்பிள் ஓய்கிற ஏப்ரலில்தான் பேர்ச் தொடங்கும், இரவும் பகலும் விடாமல் ஓடும், இலை விரிந்ததும் நிற்கும். திராட்சைக் கொடியும் இந்த வகைதான். வெட்டிய கொடியின் முனையில் கண்ணாடிக் குழாயைப் பொருத்திச் சாறு எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று அளந்த ஸ்டீபன் ஹேல்ஸ் அந்த அளவுகளை 1727-ல் இங்கிலாந்தில் வெளியிட்டார். தமிழ்நாட்டின் கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சையைக் கவாத்து செய்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே உறைபனி கிடையாது, ஆனாலும் வெட்டிய கொடி நுனியில் நீர் சொட்டும். வெட்டிய வாழைக் கட்டையில் ஊறி நிற்கும் நீரும் பெருமளவு வேர் அழுத்தத்தின் வேலைதான். வால்நட் மரம் இரண்டு வழியிலும் சொட்டக்கூடியது.

மேப்பிள் சாற்றைப் பதநீரோடு ஒப்பிடுவது நம்மவர்களிடம் வழக்கம். இனிப்பும் சொட்டுவதும் ஒன்றுதான், ஆனால் வழி வேறு. பனம்பாளையைச் சீவும்போது வருவது புளோயச் சாறு. இலையில் செய்த உணவை மற்ற உறுப்புகளுக்குக் கொண்டுபோகும் பாதை அது, அதனால்தான் பதநீரில் சர்க்கரை பத்து சதவீதத்துக்கும் மேல் இருக்கிறது. மேப்பிளில் வருவது நீர்க்குழாயின் சாறு. சர்க்கரை மேப்பிளிலேயே சுமார் 2 சதவீதம்தான், பேர்ச்சில் 1 சதவீதத்தை ஒட்டி. பாளையைப் போல தினமும் புதிதாகச் சீவ வேண்டிய தேவையும் இங்கே இல்லை.

இனி இழப்புக் கணக்கு, பலரும் பயப்படுவது இதற்குத்தான். விநாடிக்கு ஒரு துளி விழுகிறது என்று வையுங்கள். இருபது துளி ஏறத்தாழ ஒரு மில்லிலிட்டர். மணிக்கு 180 மில்லிலிட்டர், ஒரு நாளில் ஆறு மணி நேரம் ஓடினால் ஒரு லிட்டரைச் சற்றுத் தாண்டும். அதில் சர்க்கரை இருபது கிராம் அளவுதான். மேப்பிள் சாற்றைக் காய்ச்சிச் சீரப் என்ற பாகு எடுப்பவர்கள், மரத்தில் போடும் ஒரு துளையிலிருந்து ஒரு பருவத்தில் 40 லிட்டர் அளவு எடுக்கிறார்கள், அதில் 800 கிராம் சர்க்கரை போகிறது. நல்ல மரங்கள் பல பத்தாண்டுகளாக அதைத் தாங்கி நிற்கின்றன. உங்கள் வெட்டிலிருந்து போவது முதிர்ந்த மரத்தின் சேமிப்பில் மிகச் சிறிய பங்கு. நட்டு இரண்டு மூன்று வருடமே ஆன கன்றில் பல கொப்புகளை ஒரே நேரத்தில் வெட்டியிருந்தால் மட்டும் அந்த வருட வளர்ச்சி கொஞ்சம் மந்தமாகலாம்.

பூச்சு ஏன் வேண்டாம்? முதலாவது, ஈரமான முகத்தில் அது ஒட்டாது. ஒட்டினாலும் பின்னால் இருக்கும் அழுத்தம் தள்ளிவிடும், ஓரத்தில் ஒரு வெடிப்பு கிடைத்தால் போதும். இரண்டாவது, பூச்சுக்குப் பின்னால் ஈரம் தங்கி அழுகலுக்கு இடம் கொடுக்கும். மரம் காயத்தைத் தசைபோல ஆற்றுவதில்லை. காயத்தைச் சுற்றியுள்ள மரப்பகுதியை உள்ளிருந்து அடைத்துத் தனிமைப்படுத்துகிறது, பிறகு ஓரத்திலிருந்து புதிய மரம் வளர்ந்து மூடுகிறது. அதற்குக் காற்றோட்டமான, சுத்தமான வெட்டே போதும். ஊரில் கவாத்துக்குப் பிறகு போர்டோ பசையோ சாணமோ பூசிப் பழகியவர்களுக்குச் சும்மா விடுவது மனம் ஒப்பாது, ஆனாலும் விடுங்கள். தார், சிமெந்து, கோல்கிங், ஆணி அடித்த தகரம் எதுவும் வேண்டாம். துணியால் இறுக்கிக் கட்டுவதும் பட்டையைக் கெடுக்கும்.

கவனிக்க வேண்டியது மரத்துக்குக் கீழே இருக்கும் நிலத்தை. பகலில் சொட்டும் நீர் நடைபாதையிலோ டிரைவ்வேயிலோ விழுந்தால் இரவில் கண்ணுக்குத் தெரியாத வழுக்குப் பனியாகிவிடும். அங்கே உப்பைக் கொட்டாதீர்கள், சர்க்கரை மேப்பிளின் வேருக்கு உப்பு ஆகாது. மணல் போடுங்கள், அல்லது சொட்டும் இடத்தில் ஒரு வாளியை வையுங்கள். காரில் விழுந்த மேப்பிள் சாறு வெந்நீரிலும் சோப்பிலும் போய்விடும். போகாமல் பிசுபிசுவென்று ஒட்டினால் அது பைன், ஸ்புரூஸ் மரங்களின் பிசின், அதற்கு ரப்பிங் ஆல்கஹால் வேண்டும். ஜூன், ஜூலையில் காரின் மேல் படியும் ஒட்டுப்படலம் மரச்சாறே இல்லை. இலையை உறிஞ்சும் அசுவினிப் பூச்சிகளின் கழிவு அது. லிண்டன், நோர்வே மேப்பிள் மரங்களின் கீழே மிக அதிகம்.

நீங்கள் வெட்டாமலேயே மரம் சொட்டினால் இந்த இடங்களைப் பாருங்கள். தெற்கு, தென்மேற்குப் பக்கத்தில் செங்குத்தாக ஒரு வெடிப்பு இருந்தால் அது உறைபனி பிளந்த கீறல், ஒவ்வொரு வசந்தத்திலும் கசியலாம், அடைக்க வேண்டாம். பென்சில் முனையளவு துளைகள் கிடைவரிசையாக, ஒழுங்காகக் குத்தப்பட்டிருந்தால் அது ஏப்ரலில் திரும்பிவரும் சாறுறிஞ்சி மரங்கொத்தி. மேலே மெல்லிய கொப்பில் சின்னப் பல்தடம் இருந்து அதன் கீழே பட்டை நனைந்திருந்தால் அணில். சிவப்பு அணில்கள் மேப்பிள் பட்டையைக் கடித்துவிட்டுப் போய், நீர் ஆவியாகிச் சர்க்கரை படிந்த பிறகு திரும்பி வந்து நக்குகின்றன. உடைந்த கொப்பு நுனியில் காலையில் தொங்கும் பனிக்குச்சியும் சாறுதான், வாயில் வைத்தால் மெல்லிய இனிப்புத் தெரியும். நனைந்த பட்டையில் பிறகு கரும்பூஞ்சை படர்ந்து அழுக்குப்போலத் தெரியும். அது சர்க்கரையில் வளர்வது, மரத்தைத் தின்பதல்ல.

கவலைப்பட வேண்டிய கசிவு வேறு மாதிரி இருக்கும். நல்ல வசந்தச் சாறு தண்ணீர்போலத் தெளிவாக இருக்கும், மணமிருக்காது, இலை விரிந்ததும் நிற்கும். பழுப்பாக, நுரைத்து, புளித்த நாற்றத்தோடு, கோடையிலும் தொடர்ந்து வடிந்து தண்டில் நீண்ட கறையை விட்டால் அது ஈரமரம் எனப்படும் பாக்டீரியத் தொற்று. எல்ம், பொப்லர் மரங்களில் அடிக்கடி வரும், மேப்பிளிலும் வரலாம். உள்மரத்தில் பாக்டீரியாக்கள் வாயுவை உண்டாக்கி அந்த அழுத்தத்தில் நீரை வெளியே தள்ளுகின்றன. இதற்கு மருந்தில்லை. முன்பு துளையிட்டுக் குழாய் செருகி வடியவிடுவார்கள். அது தொற்றை நல்ல மரப்பகுதிக்கும் பரப்பியதால் இப்போது கைவிடப்பட்டது. கோடை வறட்சியில் தண்ணீர் விட்டு, வேரடியை மிதிபடாமல் வைத்துக்கொண்டால் பல மரங்கள் இதோடு நீண்ட நாள் வாழும். செரி, பிளம் மரங்களில் தேன்நிறப் பசைக்கட்டி திரண்டு நின்றால் அது தண்டுப் புண் அல்லது துளைப்பான் புழுவின் வேலையாக இருக்கலாம். பசையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே மரத்தூள் கலந்திருந்தால் புழு.

மேப்பிளில் ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யக் கூடாது. பென்சில் நுழையும் அளவுக்கு, ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் விட்டத்தில், கச்சிதமான வட்டத் துளைகள், பட்டையில் கடித்த குழிகளிலிருந்து கசிவு, அடியில் மரத்தூள் குவியல். இந்த மூன்றும் ஆசிய நீள்கொம்பு வண்டின் அடையாளம். 2003-ல் ரொறன்ரோ, வோன் எல்லைப் பகுதியில் கண்டுபிடிக்கப்பட்டு, பிறகு 2013-ல் மிசிசாகாவில் மீண்டும் தலைகாட்டியது. 2020-ல் கனடாவில் ஒழிக்கப்பட்டதாக அறிவித்தார்கள். திரும்ப வராது என்ற உறுதி இல்லை. கண்டால் படமெடுத்துக் கனடிய உணவு ஆய்வு முகமைக்குத் தெரிவியுங்கள், விறகை எங்கும் கொண்டுபோகாதீர்கள்.

சொட்டும் சாற்றைக் குடிக்கலாமா என்றும் பலர் கேட்பதுண்டு. மேப்பிள், பேர்ச், வால்நட் மூன்றும் பாதுகாப்பானவை, கொதிக்கவைத்துக் குடிப்பது நல்லது. முறையாக எடுப்பதானால் மார்பளவு உயரத்தில் விட்டம் 25 சென்ரிமீற்றருக்குக் குறைந்த மரத்தைத் தொடாதீர்கள். 8 மில்லிமீற்றர் துளை, 4 முதல் 5 சென்ரிமீற்றர் ஆழம், சாறு வெளியே வழியும்படி உட்புறம் சற்று மேல்நோக்கிய சாய்வு. துளைக்கும்போது வரும் சீவலைப் பாருங்கள். வெளிர் கிரீம் நிறமானால் உயிருள்ள மரம், பழுப்பானால் செத்த பகுதி, அங்கே சாறு வராது. அந்த வருடம் இன்னொரு துளை போடுவதைவிட அடுத்த வருடம் தள்ளி ஓரிடம் தேர்வது மரத்துக்கு நல்லது. பழைய துளைக்கு நேர் மேலும் நேர் கீழும் மரம் அடைபட்டிருக்கும், அந்தக் கோட்டை விட்டு விலகுங்கள்.

எடுத்த சாறு பால்போலக் கெடும். நான்கு டிகிரிக்குக் கீழே வைத்து இரண்டு மூன்று நாளில் காய்ச்சிவிடுங்கள். 40 லிட்டர் சாறு ஒரு லிட்டர் சீரப்தான் தரும், மீதி 39 லிட்டரும் நீராவி. அதை வீட்டுக்குள் அடுப்பில் வைத்துக் காய்ச்சினால் சுவரும் அலமாரியும் நனைந்து பிசுபிசுக்கும், வெளியே காய்ச்சுங்கள். தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையைவிட 4 டிகிரி கூடும்போது சீரப் பதம், சர்க்கரை 66 சதவீதம். அதற்கு முன் இறக்கினால் பூஞ்சை பிடிக்கும், தாண்டவிட்டால் போத்தலின் அடியில் கல்கண்டாக உறையும். மொட்டு வீங்கத் தொடங்கியதும் சாற்றின் சுவை கெட்டுவிடும், அதோடு சாறு வடியத் துளையில் செருகிய குழாயைக் கழற்றுங்கள். துளையை அடைக்க வேண்டாம். தெருவோர மரங்கள் நகரசபைக்குச் சொந்தம், அவற்றில் துளையிடக் கூடாது. இந்த வேலை ஐரோப்பியர் வருவதற்கு முன்பே அனிஷினாபே, ஹோடனோஷோனி என்ற பூர்வகுடி மக்கள் இந்தக் காடுகளில் செய்துவந்தது.

அடுத்த முறை வெட்டும்போது காலத்தைப் பாருங்கள். மேப்பிளையும் வால்நட்டையும் இலை முழுதாக விரிந்து முற்றிய பிறகு, ஜூன் கடைசி, ஜூலையில் வெட்டினால் சொட்டாது. அப்போது இலைகள் நீரை மேலே இழுத்துக்கொண்டிருப்பதால் குழாயில் தள்ளும் அழுத்தம் இல்லை. வெட்டு காற்றை உள்ளே இழுக்குமே தவிர நீரை வெளியே விடாது. பேர்ச்சைக் கோடையில் வெட்டுவது ஆபத்து. பேர்ச்சைத் தாக்கும் வெண்கலத் துளைப்பான் வண்டு பறக்கும் காலம் அது, மே முதல் ஓகஸ்ட் வரை தொடாமல் குளிர்காலத்தில் வெட்டுங்கள், வசந்தத்தில் கொஞ்சம் சொட்டினால் சொட்டட்டும். ஓக் மரத்துக்கு விதி இன்னும் கடுமை. ஓக் வாடல் நோய் 2023-ல் நயாகரா ஃபோல்ஸில் கனடாவிலேயே முதன்முறையாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அதைப் பரப்பும் வண்டுகள் புதிய வெட்டின் மணத்துக்கு வருவதால் வசந்தத்திலும் கோடையிலும் ஓக்கில் கத்தி வைக்கக் கூடாது. புயலில் உடைந்து வேறு வழியின்றி வெட்ட நேர்ந்தால், அந்த ஒரு மரத்துக்கு மட்டும் உடனே பூச்சு அடிக்க வேண்டும்.

வெட்டும் முறை எல்லா மரத்துக்கும் ஒன்றுதான். கொப்பு தண்டோடு சேரும் இடத்தில் சற்றுப் புடைத்த கழுத்து இருக்கும், அதைத் தண்டிலேயே விட்டுவிட்டு அதற்கு வெளியே வெட்ட வேண்டும். தடித்த கொப்பானால் முதலில் தண்டிலிருந்து ஓரடி தள்ளிக் கீழ்ப்பக்கமாகக் கால்வாசி அறுங்கள், அதற்கு வெளியே மேலிருந்து அறுத்துக் கொப்பை விழுத்துங்கள், கடைசியாகக் கழுத்தை ஒட்டி மிச்சக் கட்டையை எடுங்கள். முதல் அறுப்பை விட்டால் கொப்பின் பாரம் தண்டின் பட்டையை உரித்துக்கொண்டு விழும். அந்தக் காயத்துக்கு முன்னால் சொட்டுகிற தண்ணீர் ஒன்றுமே இல்லை. ரொறன்ரோவில் விட்டம் 30 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ உள்ள மரத்தை, அது உங்கள் வளவிலேயே நின்றாலும், அனுமதியின்றி வெட்டி அகற்றவோ சேதப்படுத்தவோ முடியாது. கூரையைத் தொடும் பெரிய கொப்புகளுக்குச் சான்றிதழ் பெற்ற மரப் பராமரிப்பாளரை அழைப்பதே முறை.